கண்ணாடி வைத்தியமும் அத்தையின் மணிக்கட்டும்

போன மாதம் காமயகவுண்டன்பட்டி போயிருந்தேன். திராட்சைப் பந்தலுக்குள் வழுக்கி விழுந்த அத்தைக்கு மணிக்கட்டில் பிளேட் வைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கையைத் துணியில் தொங்கவிட்டு, சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். விரல்கள் வீங்கிக் கிடந்தன.

"விரலை ஆட்டுனா பிளேட் கழண்டுரும்லப்பா?"

டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தேன். மூன்று மாத்திரைகள், அடுத்து வரவேண்டிய தேதி. கையை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒரு வரி இல்லை.

அப்போது நான் வாசித்துக்கொண்டிருந்தது, 1998-இல் வெளிவந்த 'ஃபாண்டம்ஸ் இன் த பிரெய்ன்'. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் எழுதியது. கையை இழந்தவர் கண்ணாடியில் தெரியும் நல்ல கையின் பிம்பத்தைப் பார்க்கிறார். இல்லாத கை அசைவதாக மூளை நம்புகிறது. சிலருக்கு வலி குறைகிறது. அருமையான எழுத்து. ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு: படித்து முடித்ததும் கண்ணாடியை எல்லா வலிக்கும் மந்திரமாக நினைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

எலும்பு முறிவு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு வரும் தீராத எரிச்சல் வலிக்கு இங்கிலாந்தில் இந்தக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார்கள். 2003-இல் வெளியான அந்த ஆய்வில் மொத்தமே எட்டு பேர். வலி தொடங்கி எட்டு வாரத்துக்குள் வந்தவர்களுக்குப் பலன். இரண்டு வருஷம் தாண்டியவர்களுக்கு ஒன்றுமில்லை.

அத்தைக்கு வந்திருந்தது வீக்கமும் விறைப்பும். அதைக் கண்ணாடி வடிக்காது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்தால் நீர் இறங்கும். விரலை மடக்கி நீட்டினால் தசை அதைத் தள்ளிவிடும். எந்தப் பயிற்சி சிறந்தது என்பதை, 26 ஆய்வுகளை அலசிய 2015-ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் தலையணைக்குச் செலவா?

புத்தகத்துக்கு ஒரு நன்றி சொல்லணும். வலியில் பயத்துக்கும் பங்குண்டு என்று அது புரியவைத்தது. ஆபரேஷன் செய்த டாக்டருக்கே போன் போட்டோம். "விரலைத் தாராளமா அசைக்கலாம், பிளேட் கழலாது. கட்டு இறுகி விரல் மரத்தாலோ நீலமானாலோ உடனே வாங்க. எண்ணெய் போட்டு உருவிடாதீங்க."

இரண்டு தலையணை, மணிக்குப் பத்து தடவை விரல் மடக்கல். நாலாம் நாள் விரல்நுனி உள்ளங்கையைத் தொட்டது. ராத்திரி மாத்திரை இன்னும் நிற்கவில்லை. பகல் மாத்திரை, டாக்டரைக் கேட்டு, நின்றது.

அத்தை கேட்டார்: "இதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"