கதியால் வேலி

யாழ்ப்பாணத்து வளவு ஒன்றுக்குள் போனால் பலரும் முற்றத்துச் செவ்வரத்தையைப் பார்ப்பார்கள், கிணற்றடி வாழையைப் பார்ப்பார்கள், மாமரம் கறுத்தக்கொழும்பானா அம்பலவியா என்று விசாரிப்பார்கள். நான் முதலில் பார்ப்பது வேலியை. வீட்டுக்காரருக்குச் செடிகொடியில் எவ்வளவு கைப்பழக்கம் என்பதை அதுதான் ஒளிக்காமல் சொல்லும். சாடியில் ரோசா வளர்க்கத் தண்ணீர் போதும். சோளகக் காற்றில் மண் புழுதியாய்ப் பறக்கும் மாதங்களில், யாரும் தண்ணீர் ஊற்றாத வேலி அடியிலிருந்து நெருங்கித் துளிர்த்து நிற்கிறதென்றால் அங்கே ஒரு கலைஞரின் கை இருக்கிறது.

குடாநாடு முழுவதும் ஒரே வேலி அல்ல. நெடுந்தீவில் கடற்பாறைக் கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கியே எல்லை கட்டியிருக்கிறார்கள். மணற்பாங்கான இடங்களில் பனையோலையும் மட்டையும். கோண்டாவில், உரும்பிராய், ஏழாலை, புன்னாலைக்கட்டுவன் என்று வலிகாமத்தின் செம்பாட்டு நிலத்தில்தான் உயிர்வேலி தன் முழு அழகோடு நிற்கும். செங்கை ஆழியான் ஒரு நாவலுக்கே ‘கிடுகு வேலி’ என்று பெயர் வைத்தார். அவ்வளவுக்குத் தென்னோலைக் கிடுகு நம் வாழ்க்கையோடு ஒட்டியது. ஆனால் கிடுகு உக்கிப்போகும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் தாங்கிக்கொண்டு உள்ளே உயிரோடு நிற்பது, தடியாய் ஊன்றி வேர்விட்ட கதியால்.

கதியால் நடுவதை ஒரு நல்ல கைகாரர் செய்யப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஐப்பசியில் முதல் மழை மண்ணுக்குள் இறங்கியதும் தொடங்குவார். இளங்கொம்பைத் தொடமாட்டார். பச்சைத் தோல் மாறிச் சாம்பல் நிறம் படர்ந்த, மணிக்கட்டுப் பருமனான கொம்பாய்த் தேர்ந்து ஆளுயரத்துக்கு வெட்டுவார். மேல்முனையைச் சரிவாக வெட்டுவது மழைத்தண்ணீர் தங்கி அழுகாமலிருக்க. அதன் மேல் கொஞ்சம் சாணம் அப்புவார். கிளுவை என்றால் வெட்டிய வாயில் பிசின் காயும்வரை சில நாள் நிழலில் கிடத்துவார். அடி எது நுனி எது என்று மாறிப்போகாதபடி ஒரே பக்கமாக அடுக்கித்தான் கட்டுவார். தலைகீழாக நட்ட தடி ஒழுங்காகப் பிழைக்காது.

பிறகு அலவாங்கு. தடியை மண்ணில் வைத்து மேலே அடித்து இறக்குபவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதைக்கும். அடிப்பட்டை உரிந்துவிடும், வேர் வர வேண்டிய இடமே அதுதான். அலவாங்கால் ஒன்றரை அடிக்குக் குழி குத்தி, தடியை நோகாமல் இறக்கி, மண் போட்டுக் குதிக்காலால் இறுக்க வேண்டும். குழிக்குள் காற்று நின்றால் அடி காய்ந்துபோகும். வரிசை நட்டானதும் இரண்டு பக்கமும் பனைமட்டை வரிச்சுப் பிடித்துக் கட்டுவது வடிவுக்காக என்று நினைத்துவிடக் கூடாது. காற்றில் தடி ஆடினால் நூல் போன்ற புது வேர் அறுந்துவிடும். இன்னொன்று, துளிர் கண்டதும் வேர் பிடித்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். கொம்பில் சேர்ந்திருக்கும் சத்தைக் கொண்டே முதல் இலைகள் வந்துவிடும். இழுத்துப் பார்க்காமல், முதல் வருடம் குழை ஒடிக்காமல் விட வேண்டும்.

எந்த மரம் என்பதிலும் ரசனை உண்டு. பூவரசு தடித்த கதியாலிலும் சுலபமாக வேர்விடும். மஞ்சளாய்ப் பூத்துச் சிவந்து உதிரும் அதன் பூவுக்காகவே ஒரு பக்கத்தை அதற்குக் கொடுக்கலாம். கிளுவை வரட்சியைப் பொருட்படுத்தாது. முள்முருக்கைக் கலியாணவீட்டில் கன்னிக்காலாக ஊன்றுகிறோம். ஊன்றிய தடி தழைக்க வேண்டும் என்ற ஆசைக்கு இதைவிட நம்பகமான மரம் கிடைக்காது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக்கிளுவை, முள்முருக்கைப் போலவே அவரைக் குடும்பம். வேரில் வாழும் பக்டீரியா காற்றிலுள்ள நைதரசனை மரத்துக்குச் சேர்த்துக் கொடுக்கும். அதன் குழையை வாடவிட்டுப் போட்டால் ஆடு விரும்பித் தின்னும்.

நடுவது பாதி வேலைதான். வெட்டத் தெரிந்தவர் கையில்தான் வேலி வேலியாகும். வெட்டாமல் விட்டால் அடி வெறுமையாகி, தலை மட்டும் பெருத்து, கன்று புகுந்து போகும் இடைவெளி விழும். கடும் வெயில் மாதங்களில் நிழலை விட்டுவைத்து, மாரிக்கு முன் நெஞ்சளவு உயரத்தில் ஒரே சீராக வெட்டவேண்டும். கூர்மையான கத்தியால், கீழிருந்து மேலாக, ஒரே வெட்டு. தோல் நாராய்க் கிழியக் கூடாது. மழை வந்ததும் வெட்டிய இடத்தைச் சுற்றிலும் துளிர் வெடிக்கும். அப்படிப் பல மாரி கண்ட கதியாலின் தலை முஷ்டி போல் திரண்டிருக்கும். அதைத் தடவிப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம்.

வெட்டிய குழையைக் கொளுத்துவது பெரும் பாவம். மரவள்ளிக்கும் கத்தரிக்கும் பாத்தி போடும்போது குழையைத் தாட்டு மண்ணை மூடினால் மெல்ல உக்கிச் சத்தாகும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது; சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர்தான் கிணற்றுக்கு வருகிறது. செம்பாட்டு மண்ணில் அளவுக்கு மிஞ்சிக் கொட்டிய யூரியாவும் அதோடு இறங்குகிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு கூடியிருப்பது ஆய்வுகளில் தெரிந்த விசயம். சொந்த வேலியில் பசளை தொங்கும்போது கடைப் பசளையில் அவ்வளவு கைவைக்கத் தேவையில்லை.

வேலிக்கு மேலே இன்னொரு தோட்டம் படர்கிறது. முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை, மொசுமொசுக்கை, முடக்கொத்தான். பாத்தி கட்டி, பந்தல் போட்டு வளர்த்தாலும் இவை இவ்வளவு செழிக்குமா என்பது சந்தேகம். கதியாலின் அரைநிழல்தான் இவற்றுக்கு ஏற்ற இடம். காலையில் வேலியோரம் ஒரு நடை போய்ப் பறித்து வந்தால் தேங்காய்ப்பால் விட்ட இலைக்கஞ்சிக்கு வேண்டியது கையில் சேர்ந்துவிடும்.

1995 ஒக்ரோபர் 30 இல் போரால் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது மாரி தொடங்கியிருந்தது. கதியால் நடவேண்டிய காலம். வலிகாமம் வடக்கில் அதற்கு முன்பே பல ஊர்கள் வெறுமையாகியிருந்தன. ஆண்டுக்கணக்கில் கத்தி படாத கதியால் மரமாகிவிடும். வீடு விழுந்து, படலை போய், பற்றை மூடிய காணியிலும் பூவரசுகள் ஒரு நேர்வரிசையில் நின்றால் எல்லையைக் கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது ஒழுங்கைகள் முழுவதும் மதில் எழும்புகிறது. காவலுக்கும் நிம்மதிக்கும் கட்டுகிறார்கள், குறை சொல்ல மனம் வராது. ஆனால் தோட்டத்துக்கு மதில் உதவாது. வெயிலைக் குடித்து இரவிலும் சூடு கக்கும். மதிலில் மோதும் காற்று மேலேறிச் சுழன்று உள்ளே விழும்; வேலியோ காற்றைச் சல்லடையில் விட்டதுபோல் வேகம் குறைத்து அனுப்பும். மதில் கட்டியவர்களும் உட்பக்கம் மூன்று அடி தள்ளி, முழத்துக்கு ஒன்றாகச் சீமைக்கிளுவை நடலாம். அத்திவாரத்துக்குப் பக்கத்தில் பூவரசு வேண்டாம், அது பெருமரமாகும். கதியாலுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. புரட்டாசியில் பக்கத்து வளவில் வேலி வெட்டும் சத்தம் கேட்டால் போய்க் கேளுங்கள். முற்றின கொம்பாய் ஒரு கட்டு தருவார்கள், மழை வரும்வரை அதை நிழலில் போட்டு வையுங்கள்.