உள்ளத்தின் மாற்றமும் ஊரின் மாற்றமும்: நஸ்ரின் சூழலியல் சிந்தனை குறித்து ஒரு மதிப்பீடு

சூழல் நெருக்கடியின் வேர் ஆன்மீக நெருக்கடியே என எடுத்துரைத்த முஸ்லிம் சிந்தனையாளர்களுள் ஸெய்யித் ஹுஸைன் நஸ்ர் முன்னோடியாவார். 1966இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்திய விரிவுரைகள் 1968இல் நூலாயின. 'மனிதனும் இயற்கையும்' என அறியப்படும் அந்நூல், புவி வெப்பமாதல் பொதுவிவாதத்துக்கு வராத காலத்தது. படைப்பை இறைவனின் அத்தாட்சியாகக் காணும் பார்வையை நவீன மனிதன் இழந்தான். அளந்து பயன்கொள்ளும் வெறும் சடப்பொருளாக அதனைக் கண்டான். அழிவு அங்கே தொடங்கிற்று என்பது அவரது வாதத்தின் சாரம்.

நோயை அவர் கண்டறிந்த விதத்தை நாம் ஏற்கிறோம். மருந்தைப் பற்றியே நமக்கு வினா எழுகிறது. இழந்த மெய்ஞ்ஞானத்தை மீட்க வேண்டும் என்கிறார் நஸ்ர். அதனை யார், எங்கே, எவ்வாறு மீட்பது என்பதற்கு அந்நூலில் போதிய விடையில்லை. வானமும் பூமியும் அத்தாட்சிகள் என நாள்தோறும் ஓதும் சமூகங்களின் நிலங்களிலேயே எண்ணெய் அகழப்படுகிறது, காடுகள் எரிக்கப்படுகின்றன. இந்தோனேசிய உலமா சபை 2016இல் காடெரிப்பை ஹராம் எனத் தீர்ப்பளிக்க நேர்ந்தது இதற்குச் சான்று. முஸ்லிம்களும் நவீனத்துக்கு வசப்பட்டுவிட்டனர் என்று நஸ்ரின் சார்பில் விடையிறுக்கலாம். அது உண்மையே. எனினும், நம்பிக்கையாக மட்டும் எஞ்சிய பார்வை நிலத்தைக் காக்கவில்லை என்பதையும் அது ஒப்புக்கொள்கிறது.

இவ்விடைவெளியை நிரப்ப முற்பட்டவர் இலங்கையில் பிறந்து பிரித்தானியாவில் பணியாற்றிய ஃபஸ்லுன் காலித். 1994இல் இஸ்லாமியச் சூழலியல் நிறுவனமொன்றைத் தொடங்கிய அவர், சிந்தனையைச் செயற்களத்துக்குக் கொணர்ந்தார். 2015 ஆகஸ்டில் இஸ்தான்பூலில் வெளியான காலநிலைப் பிரகடனத்திலும் அவருக்குப் பங்குண்டு. பசுங்குடில் வாயு வெளியேற்றத்தை இந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஒழிக்குமாறு அது கோரியது; எண்ணெய்வள நாடுகளையும் பெயர் சுட்டாது விளித்தது. துணிவான குரல்தான். ஆயினும் அரசுகளையும் நிறுவனங்களையும் நோக்கிப் பேசும் பிரகடனம், பள்ளிவாசலின் உளூக் குழாயருகே நிற்கும் நம்மைத் தீண்டாமலே கடந்துவிடக்கூடும்.

உள்ளத்தைப் பேசுவோர் ஊரை மறப்பதும், ஊரைப் பேசுவோர் உள்ளத்தை மறப்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். திருக்குர்ஆனின் 13:11ஆம் வசனம் இவ்விடத்தில் கருதத்தக்கது. தனிமனித ஒழுக்கத்துக்கான அறிவுரையாகவே அது பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் அவ்வசனம் பேசுவது ஒரு 'கவ்ம்', அதாவது சமூகம், தன் அகத்தை மாற்றிக்கொள்வதைப் பற்றியாகும். அகமாற்றம் அங்கே கூட்டுச் செயலாகிறது.

நமது ஃபிக்ஹு மரபு இதனை நன்கறியும். மேய்ச்சல் நிலங்களைக் காத்த 'ஹிமா'வும், நீர்நிலைகளைச் சூழ்ந்த இடத்தைக் காத்த 'ஹரீமு'ம் இறையச்சத்துக்கு ஊர் கொடுத்த வடிவங்கள். நபி (ஸல்) அவர்கள் இரு கைகளால் அள்ளும் அளவாகிய ஒரு 'முத்து' நீரில் உளூ செய்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். வணக்கத்துக்குள்ளேயே அளவு வைக்கப்பட்டுள்ளது.

ஸன்ஸிபாரின் பெம்பாவை அடுத்த மிஸாலி என்னும் சிறுதீவில் இது கண்கூடாயிற்று. தொழுகைவிரிப்பின் பெயரால் அத்தீவு அழைக்கப்படுவதாக அங்குள்ளோர் மரபு கூறும். சுற்றியுள்ள பவளப்பாறைகளை வெடிவைத்து மீன்பிடிப்போர் சிதைத்தனர். அரசுத் தடை மட்டும் பலனளிக்கவில்லை. படைப்பு அமானத் என்னும் போதனை மீனவரிடம் கொண்டுசெல்லப்பட்டபின் அவ்வழக்கம் தணிந்ததாகப் பதிவுகள் உரைக்கின்றன. 1998இல் காப்பிடமாக்கிய சட்டமும் அங்கே உடனிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. சட்டமும் போதனையும் ஒன்றையொன்று தாங்கின.

நஸ்ர் நமக்குப் பார்வையைத் தந்தார். அப்பார்வைக்கு ஊரில் ஓர் இடம் அமைப்பது நம் கடமை. நமது பள்ளிவாசல் குழாய்கள் வீணே ஓடிக்கொண்டிருக்கும்வரை, படைப்பின் புனிதம் பற்றி நாம் எழுதும் கட்டுரைகள், இதுவும் உட்பட, நமக்கே எதிரான சாட்சியங்களாகும்.