சைடு பைப் மகாத்மியம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நடுநிலையாளன் இல்லை. 1965-ஆம் வருஷத்து கார்வெட் ஸ்டிங் ரே ஒன்று என்னிடம் இருக்கிறது. கூரையை மடக்கும் கன்வர்ட்டிபிள், நான்கு கியர், 327 கன அங்குல வி-8 என்ஜின். நம் கணக்கில் சுமார் 5.4 லிட்டர், 350 குதிரைத்திறன். அழகுக்கு அழகு, வேகத்துக்கு வேகம். ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியெல்லாம் இல்லை. கதவுகளுக்குக் கீழே, இரண்டு பக்கமும், முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து பின்சக்கரம் வரை பளபளவென்று ஓடுகிறதே, அந்தப் புகைக்குழாய்களைப் பற்றி. அந்த சைடு பைப் இல்லாவிட்டால் இந்த கார் எனக்கு நல்ல கார். இருப்பதால், வாழ்க்கை.

இவை யாரோ பின்னாளில் ஒட்டவைத்த அலங்காரம் இல்லை. கம்பெனியே கொடுத்த சரக்கு. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் 1961-இல் உருவாக்கிய மேக்கோ ஷார்க் காட்சிக் காரிலேயே புகைக்குழாய்கள் வெளியில் தெரிய ஓடின. 1965-இல் அதை ஷோரூமுக்கே கொண்டுவந்தார்கள். ஆர்டர் படிவத்தில் என்-14 என்று ஒரு வரி. 134 டாலர் 50 சென்ட் கூடுதலாகக் கொடுத்தால் போதும். பின்பக்கத்து சைலன்சர் டப்பாக்கள் போய்விடும். பதிலுக்கு, உள்ளே சிறு சிறு அறைகளாக நெளித்துவைத்த குழாயே சைலன்சர் வேலையையும் பார்க்கும். பார்க்கும் என்றால், பேருக்குப் பார்க்கும்! அந்த முதல் வருஷம் வாங்கியவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. அடுத்த வருஷம் மூவாயிரத்தைத் தாண்டியது. கேட்டவர்கள் விடவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

சத்தம் என்றால் என்ன சத்தம்? 'பெரிய சத்தம்' என்று சொல்லி முடித்துவிட்டால் அது பாவம். பெரிய சத்தத்தை யார் வேண்டுமானாலும் உண்டாக்கலாம், சைலன்சரில் ஓட்டை விழுந்தால் போதும். சைடு பைப்பின் மகிமை வேறு.

வி-8 என்ஜினில் எட்டு சிலிண்டர், பக்கத்துக்கு நான்கு. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் எட்டும் ஒவ்வொரு முறை வெடித்தாக வேண்டும். 90 டிகிரிக்கு ஒரு வெடிப்பு, மொத்தமாகப் பார்த்தால் படுசீர். ஆனால் அமெரிக்க வி-8-இல் அந்த வெடிப்புகள் இடது, வலது என்று மாறி மாறி வருவதில்லை. ஷெவர்லே என்ஜினின் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்களெல்லாம் இடது, இரட்டைப்படை எல்லாம் வலது. வரிசையைப் பாருங்கள்: வலதில் 8, 4 இரண்டும் அடுத்தடுத்து. இடதில் 5, 7 அடுத்தடுத்து. ஆகவே ஒரு பக்கத்துக் குழாயில் மட்டும் காதை வைத்தால், வெடிப்புகளுக்கு நடுவே விழும் இடைவெளி 90 டிகிரி, 180, 270, 180. ஃபெராரியின் வி-8-கள் மாறி மாறி வெடிப்பவை. அதனால்தான் அவை ஒரே சீராக வீறிடுகின்றன. நம்முடையது துள்ளுகிறது.

இதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். மிருதங்கம் கற்றுக்கொள்ளும் என் மகள் அதைப் பார்த்தாள். 90-ஐ ஒன்று என்று வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, ரெண்டு. கூட்டினா எட்டு வருதுப்பா. ஆதி தாளம்!"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் அதோடு விடவில்லை. இடது பக்கக் கணக்கையும் வலது பக்கக் கணக்கையும் மேலும் கீழுமாக எழுதி, தொடையில் தட்டிப் பார்த்தாள். இரண்டும் ஒரே கோர்வை. இடது பக்கம் வாசித்ததை வலது பக்கம் சரியாக அரை ஆவர்த்தனம் தள்ளித் திருப்பி வாசிக்கிறது! அந்த என்ஜினைச் செய்தவர்கள் எந்த வித்வானையும் கேட்டிருக்க மாட்டார்கள். அதிர்வைக் குறைக்கத்தான் அப்படிச் செய்தார்கள். ஆனாலும் கணக்கு கணக்குதானே.

பின்பக்கமாகப் புகை விடும் காரில் இந்த இரண்டு குரலும் நீளக் குழாயில் ஓடி, சைலன்சருக்குள் அடங்கி, உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றோடொன்று கலந்துபோய்விடும். சைடு பைப்பில் கலப்பதில்லை. ஓட்டுகிறவனுக்கு இடது குரல், பக்கத்தில் இருப்பவருக்கு வலது குரல். நிமிஷத்துக்கு 750 சுற்றில் வண்டி சும்மா நிற்கும்போது நொடிக்கு ஆறு ஆவர்த்தனத்துக்கு மேல் ஓடிவிடும். எண்ண முடியாது. ஆனால் இருக்கையும் விலா எலும்பும் எண்ணிக்கொள்ளும்.

மூன்றாவது கியரில் நன்றாக ஏற்றிவிட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னொரு விருந்து. கார்புரேட்டர் வண்டி என்பதால், எரியாத பெட்ரோல் ஆவி கொஞ்சம் சூடான குழாய்க்குள் போய் அங்கே பற்றிக்கொள்ளும். பட், படபட, பட்! இதற்காகவே சிக்னலைத் தூரத்தில் பார்த்ததும் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சரி, இதோடு குடும்பம் நடத்துவது எப்படி? சூடு முதல் விஷயம். குழாயின் மேல் துளைபோட்ட உலோக மூடி உண்டு, அதுவும் கொதிக்கும். அரைக்கால் சட்டை போட்டவர்களை நான் ஏற்றுவதில்லை. சேலை கட்டியவர்களுக்கு நானே இறங்கிப்போய்க் கதவைத் திறந்து, முந்தானையைப் பார்த்து, காலை அகட்டி வைக்கச் சொல்லித்தான் இறக்குவேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "நான் இதுல ஏற மாட்டேன்டா, காது போயிரும்" என்றார். மறுநாள் காபி குடித்துக்கொண்டே, "இன்னிக்கு எங்கடா போறோம்?" என்றார்.

அடுத்தது நெடுஞ்சாலை. மணிக்கு 60 மைலில் ஒரே வேகமாகப் போகும்போது என்ஜின் ஒரே சுற்று வேகத்தில் நிலைத்துவிடும்; ஒரு ஹூங்காரம் வந்து காதுக்குள் உட்கார்ந்துகொள்ளும். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினாலோ இறக்கினாலோ அது விலகிப்போகும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லும் வரம்பு, 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். ஆகவே தூரப் பயணத்துக்கு நுரைப் பஞ்சுக் காதடைப்பான் கட்டாயம். அது கூர்மையான இரைச்சலைத்தான் அதிகம் வெட்டுகிறது. அடித்தொண்டைக் குரல் முதுகு வழியாக வந்து சேர்ந்துவிடுகிறது. நஷ்டம் ஒன்றுமில்லை.

அக்கம்பக்கத்தை நான் வலது காலால் சமாளிக்கிறேன். எங்கள் தெரு அமைதியானது. காலையில் வெளியே போனால் காரேஜுக்குள் ஸ்டார்ட் செய்வதே இல்லை; சுவர் சத்தத்தை இரட்டிப்பாக்கும். நியூட்ரலில் உருட்டித் தெருவுக்குக் கொண்டுவந்து, ஸ்டார்ட் செய்த உடனே கிளம்பிவிடுவேன். கார்புரேட்டரின் வாய் எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவுதான் சத்தம். இரண்டாவது கியரில், மெல்லிசாக மிதித்துப் போனால் பக்கத்து வீட்டு நாய்கூடத் தலை தூக்காது. இந்தப் பழக்கம் மற்ற கார்களிலும் என் காலைத் திருத்திவிட்டது. காய்கறிக் கடைக்கும் இதையே எடுக்கும்போதுதான் வீட்டில் கேள்வி வரும்: "ஏங்க, ஒரு கட்டு கொத்தமல்லிக்கு இவ்வளவு சத்தம் தேவையா?" தேவைதான். குழாயின் ஆயுளுக்காகச் சொல்கிறேன்! குறைந்த தூரமே ஓட்டினால் உள்ளே நீர் கோத்து, குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். நன்றாகச் சூடேற வேண்டும். அதனால் கொத்தமல்லிக்குச் சுற்றுவழியாகத்தான் போக வேண்டும்.

அந்தச் சுற்றுவழிகளுக்கு எங்கள் டெட்ராய்ட்டைவிட நல்ல ஊர் எது? ஆற்றுக்கு அடியில் கனடாவின் வின்ட்ஸருக்குப் போகும் சுரங்கம் இருக்கிறது. 1930-இல் திறந்தது, நீளம் ஏறத்தாழ ஒரு மைல். உள்ளே வேகம் போக முடியாது, போகவும் வேண்டாம். கூரையை மடக்கி, இரண்டாவது கியரில் ஊர்ந்தால் போதும். இரண்டு குரலும் ஓட்டுச் சுவரில் மோதித் திரும்பி வந்து தலைக்கு மேல் சேரும். மேலே ஏறியதும் சுங்க அதிகாரி கேட்கும் முதல் கேள்வி பாஸ்போர்ட்டைப் பற்றியது இல்லை: "எந்த வருஷத்து வண்டி?"

அப்புறம் வுட்வர்ட் அவென்யூ. 1909-இல் அமெரிக்காவின் முதல் ஒரு மைல் கான்கிரீட் சாலை போடப்பட்டது இந்தத் தெருவில்தான். 1995-இல் ஃபெர்ன்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்குப் பணம் திரட்ட ஆரம்பித்த பழைய கார் ஊர்வலம், இன்று வுட்வர்ட் ட்ரீம் குரூஸ் என்று ஊரே கூடும் திருவிழா. என் குழாய்க்குப் புருவம் சுளிக்க அங்கே ஒருவரும் இல்லை. நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், கையை மேலும் கீழும் ஆட்டி, "மிதி, மிதி" என்கிறார்கள். பெரியவர்கள் சொல்லைத் தட்டலாமா?

நவம்பரில் சாலையில் உப்புத் தூவ ஆரம்பித்தால் வண்டி போர்வைக்குள் போய்விடும். ஏப்ரல் மழை அந்த உப்பைக் கழுவும்வரை மின்சார காரில் சத்தமே இல்லாமல் அலுவலகம் போய் வருகிறேன். நல்ல கார்தான், குறை சொல்ல மாட்டேன்.

சைடு பைப் கார் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: நீளக் கால்சட்டையும் காதடைப்பானும் இருந்தால் வாங்குங்கள், யோசிக்காதீர்கள். வாங்க வசதி இல்லையென்றால் ஆகஸ்ட் மாத மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்டுக்கு வாருங்கள். ஊர்வலம் போனபின் பின்னால் நின்று கேட்காதீர்கள். நடைபாதையோரம், கதவுக்கு நேராக நில்லுங்கள். உங்களைப் பார்த்ததும் மிதிக்கிறேன், தாளம் போட்டுக்கொள்ளுங்கள்.