போனவரும் ஆக்கப்பட்டவரும்

பங்குனியும் புரட்டாதியும் வந்தால் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் ஜெனீவா நகரம் வந்து குந்திக்கொள்கிறது. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானத்திற்கு எத்தனை நாடுகள் கை உயர்த்தின என்பதைக் குருப்பெயர்ச்சிப் பலன் பார்ப்பவரைப் போல நாம் பார்க்கிறோம். 2012இல் 24 நாடுகள், 2014இல் 23, 2021இல் 22, 2022இல் 20. 2024இலும் 2025இலும் வாக்கெடுப்பின்றியே தீர்மானம் நிறைவேறிற்று. எண்களை அறிந்தோம். வாசகத்தைப் படித்தோமா? ஒரு சிறுகதைத் தொகுதியின் அடைமொழி ஒவ்வொன்றையும் பிய்த்து ஆராயும் நம் விமர்சகர், ஒரு மக்கட் கூட்டத்தின் துயரத்தைச் சொல்ல வந்த இவ்வாசகங்களை இலக்கிய விசாரணைக்கு அப்பாற்பட்டவை என்று ஒதுக்கிவிட்டனர். மொழியால் ஆனது எதுவும் விமர்சனத்துக்கு விலக்கன்று.

அவ்வாசகங்களின் உயிர்நிலையான சொற்கள் இரண்டு: பொறுப்புக்கூறல், நல்லிணக்கம். 'கூறல்' என்பது தொழிற்பெயர். தொழிற்பெயர் காலம் காட்டாது. செய்தவன் இன்னான் என்றும் காட்டாது. யார் கூறுவது, யாருக்குக் கூறுவது, என்றைக்குக் கூறுவது? பரீட்சை விடைத்தாளில் இப்படி எழுதும் மாணவனுக்குச் சிவப்பு மையால் மூன்று கேள்விக்குறி இட்டுத் திருப்பிக் கொடுப்போம். 2009 வைகாசியில் யுத்தம் முடிந்தது முதல் இன்றுவரை அச்சொல் காலம் காட்டாமலேயே நிற்கின்றது.

வினைகளை நோக்கினாலும் இதே நிலைதான். பேரவை வரவேற்கிறது, ஊக்குவிக்கிறது, வேண்டிக்கொள்கிறது. ஏவல் வினை இல்லை. 2015ஆம் ஆண்டின் 30/1ஆம் இலக்கத் தீர்மானத்தை இலங்கை அரசே இணைந்து முன்மொழிந்தது. வெளிநாட்டு நீதிபதிகள் வரப்போகிறார்கள் என்று நம்மூர்ச் சந்திகளில் பேசிக்கொண்டார்கள். வாசகத்திலோ, பொதுநலவாய நாடுகளினதும் பிற நாடுகளினதும் நீதிபதிகள் இலங்கையின் நீதிப்பொறிமுறையிற் பங்குபற்றுவதன் முக்கியத்துவம் உறுதிப்படுத்தப்பட்டதே அன்றி, அவர் பங்குபற்ற வேண்டும் என்ற விதி இருக்கவில்லை. முக்கியத்துவம் உறுதியாயிற்று, நீதிபதி எவரும் வரவில்லை. 2020 மாசியில் அரசு தன் இணை அனுசரணையையும் விலக்கிக்கொண்டது. பேரவைக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை என்பது உண்மை. ஆனால் அதை நம் மக்களுக்கு ஒருவரும் நேராகச் சொல்லவில்லை. சொல்லியிருப்பின் வாக்கு வேட்டை எப்படி நடந்திருக்கும்?

இவற்றுக்கெல்லாம் எதிரே வேறொரு வாசகம் நிற்கிறது. அதை எழுதியவர் இராஜதந்திரிகள் அல்லர். 2017 மாசியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்துக் கொட்டில்களில் பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்த தாய்மார். நாள்கள் 3000ஐக் கடந்தும் அவர் கேள்விக்கு விடையில்லை. விடை காணாமலே பலர் இறந்தனர். அவர்கள் தமிழுக்குச் செய்த தொண்டு ஒன்றுண்டு. 'காணாமல் போனோர்' என்ற தொடரை ஏற்க மறுத்து, 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்ற தொடரை வழக்கில் நிலைநிறுத்தினர். 'போதல்' செயப்படுபொருள் வேண்டாத வினை. போனவன் தானே போனான். வேறொருவன் அங்கே இல்லை. 'ஆக்கப்பட்டான்' என்றதும் 'யாரால்?' என்ற வினா தானே எழுகின்றது. செயப்பாட்டு வினை செய்தவனை மறைக்கலாம். ஆனால் அவனுக்குரிய இடத்தை அழிக்க அதனால் இயலாது.

அரசு 2016இல் சட்டம் இயற்றி நிறுவிய அலுவலகத்தின் தமிழ்ப்பெயரைப் பாருங்கள்: காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். தாய்மார் தள்ளிய வினையே பெயர்ப்பலகையில் ஏறிவிட்டது. எழுத்தரின் கைப்பிழை இது என்று நான் கருதவில்லை. அவ்வலுவலகத்தின் கண்டறிதல்கள் எவர்மீதும் குற்றவியற் பொறுப்பையோ குடியியற் பொறுப்பையோ ஏற்படுத்தா என்று அச்சட்டமே விதிக்கின்றது. சட்டத்துக்கும் பெயருக்கும் நல்ல பொருத்தம்!

தாய்மாரின் இச்சொல்லுக்கு உலக உறவு உண்டு. இராணுவ ஆட்சி நடந்த ஆர்ஜென்டீனாவில், 1977 சித்திரையில், தலைநகரின் மே சதுக்கத்தில் தாய்மார் கூடி நடக்கத் தொடங்கினர். பின்னர் வெண்துணியைத் தலையிற் கட்டிக்கொண்டனர். 1979இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணைக்குழு அங்கே சென்றபோது முறைப்பாடு சொல்ல அவர்கள் வரிசையில் நின்றார்கள். அன்று எந்தத் தளபதியும் சிறை செல்லவில்லை. ஆயினும் உள்நாட்டில் ஆட்சி மாறி 1985இல் தளபதிகளே கூண்டில் ஏறினர். அவர்களை விசாரித்தவை அந்நாட்டு நீதிமன்றங்களே. இத்தகைய தாய்மாரின் நெடும் போராட்டத்தின் பயனாகவே 2006இல் ஐக்கிய நாடுகளின் சமவாயம் பிறந்தது; இலங்கையும் 2016இல் அதனை ஏற்றது. வெளிநாட்டு ஆதரவு நீதியைக் கொண்டுவந்து இறக்குவதில்லை. சாட்சியத்தை அழியாமல் வைத்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் 46/1ஆம் தீர்மானம் சான்றுகளைத் திரட்டிப் பேண ஓர் ஏற்பாடு செய்தது. என் கருத்தில், எல்லாத் தீர்மானங்களிலும் அவ்வொரு பந்திதான் வினையுள்ள பந்தி.

முற்போக்காளராகிய நாமும் இவ்விடத்தில் நம்மை நோக்க வேண்டும். யுத்தம் முடிந்து பத்து நாள்கள் கழியுமுன், 2009 வைகாசி 27இல், இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானம் அதே பேரவையில் 29க்கு 12 என்ற வாக்குகளால் நிறைவேறியது. கைதூக்கிய நாடுகளில் இந்தியாவும் சீனாவும் உண்டு; நாம் நெஞ்சார நேசித்த கியூபாவும் உண்டு. ஏகாதிபத்திய எதிர்ப்பு என்ற பதாகையின் கீழ் முள்ளிவாய்க்கால் மறைக்கப்பட்டதை நம்மவர் பலர் கேள்வி கேட்கவில்லை. பின்னர்த் தீர்மானங்களைக் கொணர்ந்த அமெரிக்கா 2018இல் பேரவையை விட்டே வெளியேறியதை எடுத்துக்காட்டி, 'பார்த்தீர்களா?' என்று மட்டும் கேட்டோம். வல்லரசின் கபடம் உண்மை. அதனால் தாயின் கேள்வி பொய்யாகிவிடுமா?

இலக்கணம் எல்லோருக்கும் ஒன்றே. 1990 ஐப்பசியில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் தம் ஊர்களை 'விட்டு வெளியேறினர்' என்று இன்றும் நம் மேடைகளிற் பேசுகிறார்கள். வெளியேறினர் என்பது தன்வினை. வெளியேற்றினர் என்பது பிறவினை. அதற்கு எழுவாய் வேண்டும். அந்த எழுவாய் விடுதலைப் புலிகள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அன்று கிடைத்த அவகாசம் சுமார் இரண்டு மணித்தியாலம். அதை வாய் திறவாது பார்த்திருந்தவர் நம் முன்னோர். 2015இல் வந்த ஐக்கிய நாடுகளின் விசாரணை அறிக்கை இராணுவத்தின் குற்றங்களோடு, சிறுவரைப் படைக்குச் சேர்த்தது உட்படப் புலிகளின் குற்றங்களையும் கூறுகிறது. நம்மூரில் அவ்வறிக்கை பாதியாகத்தான் வாசிக்கப்பட்டது. 'தீண்டாமை ஒழிந்துபோயிற்று' என்பதும் இதே வகையான தன்வினைதான். 1957இலேயே சட்டம் வந்தது. எங்கள் புத்தூரில், கலைமதி கிராமத்து மக்கள் தம் குடிமனைகளின் நடுவே பிணம் எரியக்கூடாது என்று 2017லும் போராட வேண்டியிருந்தது. அவர்களுக்காக ஜெனீவாவில் எவரும் கை உயர்த்தவில்லை. யாழ்ப்பாணத்திலும் கை உயர்த்தியோர் சிலரே.

இனிச் செம்மணிக்கு வருவோம். 1996இல் மாணவி கிருசாந்தி குமாரசுவாமி அங்கே சோதனைச் சாவடியில் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998இல் தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவன், அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டுள்ளதாக நீதிமன்றத்திற் கூறினான். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. பின்னர் அவ்விடயம் மூடப்பட்டது. 2025இல் அண்மையிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில், கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அவ்வாண்டுக்குள் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. ஒரு குழந்தையின் எலும்புகளோடு யுனிசெப் சின்னம் பொறித்த நீலநிறப் பை ஒன்றும் கிடைத்தது. சர்வதேச ஆதரவு அக்குழந்தையிடம் ஒரு பையாக முன்னரே வந்திருந்தது.

அவ்வாண்டு ஆனியில் மனித உரிமைகள் ஆணையாளர் வோல்கர் டர்க் அக்குழிகளைப் பார்வையிட்டார். அவரிடம் நாம் கேட்க வேண்டியது மற்றொரு தொழிற்பெயர் அன்று. மன்னாரில் 2018இல் தொடங்கிய அகழ்வில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அமெரிக்க ஆய்வுகூடத்திற்கு அனுப்பிய சில மாதிரிகள் 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்று அடுத்த ஆண்டு பதில் வந்தது. அத்தோடு பேச்சு அடங்கிற்று. செம்மணியில் அது நடவாதிருக்க, அகழ்வு முதல் மரபணுப் பரிசோதனை வரை நிபுணர் உடனிருக்க வேண்டும். எலும்பு ஒவ்வொன்றின் கணக்கும் உறவினரின் கண்முன், அவர்களுக்கு விளங்கும் தமிழில் எழுதப்பட வேண்டும். எழுதுபவர், எந்த வினையை எழுதுவது என்று தாய்மாரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.