மேசன் தொடர்பும் பனுவல் பொருளும்: ஹோசே ரிசால் பற்றிய திறனாய்வுகள் – ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பிலிப்பைன்சின் தேசியத் தலைவராகப் போற்றப்படும் ஹோசே ரிசால் ஃபிரீமேசன் சங்கத்தின் உறுப்பினர். இச்செய்தியைத் திறவுகோலாகக் கொண்டு அவருடைய புதினங்களுக்குப் பொருள் காணும் போக்கினை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. மேசன் தொடர்பு அமைப்பு வரலாற்றுக்கு வலுவான சான்று. பனுவலின் பொருளுக்கு அது தானாகவே சான்றாகிவிடாது என்பது இதன் முடிபு.

முன்னுரை

ஃபிரீமேசன் என்பது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் அமைப்பு வடிவம் பெற்ற ஒரு சகோதர சங்கம். கல்தச்சர்களின் கருவிகளைக் குறியீடுகளாகக் கொண்டு, படிநிலைகளும் உறுதிமொழியும் உடைய சடங்குகளுடன் அது இயங்குகிறது. அதன் கிளை லாட்ஜ் எனப்படும். ஜார்ஜ் வாஷிங்டன், சிமோன் பொலிவார், கரிபால்டி ஆகியோர் இச்சங்கத்தினர் என்று பட்டியலிடுவது தலைவர்கள் பற்றிய எழுத்துகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அப்பட்டியல், பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதோடு நின்றுவிடுகிறது. ஒரு தலைவருக்கு அச்சங்கம் எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்பதை அறிய ஒரு நாட்டை எடுத்து நுணுகி நோக்குதல் வேண்டும். அதற்கு ஏற்ற களம் பிலிப்பைன்சு. அங்கு இவ்வினா இலக்கியத் திறனாய்வோடும் பாடத்திட்டத்தோடும் பின்னிப் பிணைந்துள்ளது.

லாட்ஜும் விடுதலை அமைப்பும்

ஸ்பானிய ஆட்சிக்காலப் பிலிப்பைன்சில் ஊர்தோறும் அதிகாரம் செலுத்தியவர்கள் ஸ்பானியத் துறவியர். ஸ்பெயினுக்குக் கல்வி கற்கச் சென்ற பிலிப்பைன்சு இளைஞர்கள் அங்கு மேசன் லாட்ஜுகளில் சேர்ந்தனர். மாட்ரிட் பல்கலைக்கழகத்தில் ரிசாலின் ஆசிரியராக இருந்த மிகேல் மொராய்தா, ஸ்பானியப் பெருங்கிளை ஒன்றின் தலைவராகவும் விளங்கினார். குடியேற்ற நாட்டில் கீழ்நிலையில் வைக்கப்பட்ட ஒருவன், லாட்ஜின் விதிப்படி ஸ்பானியனைச் ‘சகோதரர்’ என விளிக்க முடிந்தது. மாட்ரிட்டின் ‘சாலிடாரிடாட்’ லாட்ஜில் ரிசாலும் இருந்தார். மார்செலோ தெல் பிலாரும் இருந்தார். 1892 சனவரியில் மணிலாவில் ‘நிலாட்’ லாட்ஜ் அமைந்தது.

அதே ஆண்டு சூலை 3ஆம் நாள் ரிசால் ‘லிகா பிலிப்பினா’வைத் தொடங்கினார். சில நாள்களுக்குள் அவர் கைதாகித் தபிதானுக்கு நாடு கடத்தப்பட்டார். சூலை 7ஆம் நாள் ஆந்த்ரேஸ் போனிஃபாசியோவும் தோழர்களும் ‘கத்திபூனான்’ என்னும் புரட்சி இயக்கத்தை நிறுவினர். அதில் ஒருவர் இருவரைச் சேர்ப்பார். அவ்விருவரும் ஒருவரையொருவர் அறியார். மூன்று படிநிலைகள், கடவுச்சொற்கள், சேர்க்கைச் சடங்கு ஆகியவை அதில் இருந்தன. இவ்வடிவம் மேசன் அமைப்பை ஒத்தது என்பதில் ஐயமில்லை. அமைப்பு வரலாற்றில் மேசன் தொடர்பு மறுக்க முடியாத இடம் பெறுவது இதனால்தான்.

வழக்குச் சான்றாக மேசன் தொடர்பு

1896 ஆகஸ்டில் கத்திபூனான் வெளிப்பட்டதும் லாட்ஜ் உறுப்பினர் பலர் பிடிக்கப்பட்டனர். ரிசால்மீது கலகம், அரச எதிர்ப்பு ஆகியவற்றோடு சட்டவிரோதச் சங்கம் அமைத்ததாகவும் குற்றம் சாட்டப்பட்டது. ஆயுத எழுச்சியைக் கண்டித்து அவர் சிறையிலிருந்து எழுதிய அறிக்கையும் அவரைக் காக்கவில்லை. அவ்வாண்டு திசம்பர் 30ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருவர் எந்தச் சங்கத்தில் இருந்தார் என்பதிலிருந்து அவர் எதை எண்ணினார் என்று முடிவு செய்யும் முறையை முதலில் கையாண்டது இந்நீதிமன்றம்.

பிற்காலத் திறனாய்வாளர்களும் அறியாமலேயே இம்முறையைத் தொடர்ந்தனர். இறப்பதற்கு முந்தைய நாள் ரிசால் மேசன் சங்கத்தை மறுத்துத் திருச்சபைக்குத் திரும்பியதாகக் கூறும் ஆவணம் ஒன்று உண்டு. அதன் மூலப்படி 1935இல் மணிலா மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ரிக்கார்தோ பஸ்குவால் கையெழுத்தை ஆராய்ந்து அது போலி என வாதிட்டார். மேசனாகிய ரஃபேல் பால்மாவும் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அதனை ஏற்கவில்லை. அருட்தந்தை ஹேசுஸ் கவானா அது மெய் என நிறுவ முயன்றார். இரு தரப்பும் எதிரெதிராக நின்றாலும் அடிப்படை எடுகோள் ஒன்றே. ரிசால் இறுதிவரை மேசனாக இருந்தாரெனில் புதினங்கள் ஒரு பொருள் தரும். இல்லையெனில் அவற்றின் கூர்மை குன்றும் என்பதே அவ்வெடுகோள். 1887இலும் 1891இலும் அச்சேறிய பனுவல்களின் பொருளை 1896இன் ஒற்றைத் தாள் எவ்வாறு மாற்றும் என்பதை இரு தரப்பும் விளக்கவில்லை.

பனுவல் தரும் விடை

‘நோலி மே தாங்கெரே’ புதினத்தில் பள்ளிக்கூடத்திற்கு அடிக்கல் நாட்டும் காட்சி உண்டு. கல்தச்சர் குறியீடுகளை அறிந்த வாசகர் இதனை மேசன் குறியீடாகக் கொள்ள விரைவது இயல்பு. ஆனால் காட்சியின் கட்டமைப்பு வேறு. கல்லுக்கு ஆசி வழங்குபவர் ஊர்ப் பாதிரியார். சாந்து இடுபவர்கள் அதிகாரிகள். பாரந்தூக்கி சரிந்து விழுமாறு இபாராவைக் கொல்லச் சதி செய்யப்பட்டுள்ளது. இபாரா தப்புகிறான், சதிக்குத் துணைபோனவன் அதே குழியில் மடிகிறான். கல்வி என்னும் கனவு, ஆட்சியும் சமயமும் கூடி நடத்தும் விழாவிலேயே கொலைக்களமாகிறது என்பதே காட்சியின் உட்பொருள். குறியீட்டு அகராதியை மட்டும் துணைக்கொண்டு படித்தால் இவ்வங்கதம் புலப்படாது.

பெயர்களும் இத்தகைய எளிய வாசிப்பைத் தடுக்கின்றன. ரிசாலின் மேசன் பெயர் ‘திமாசாலாங்’. தீண்டமுடியாதது என்னும் பொருளுடையது. ‘என்னைத் தொடாதே’ எனப் பொருள்படும் புதினத் தலைப்போ யோவான் நற்செய்தியில் உள்ள தொடர். லாட்ஜுக்குள் வழங்கிய பெயரும் விவிலியத் தொடரும் ஒரே கருத்தைச் சுட்டுகின்றன. சங்கம், சமயம் என்னும் இருமையை ரிசாலின் சொல்லாட்சி ஏற்கவில்லை என்பதற்கு இது சான்று.

‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’ இதனை மேலும் வலியுறுத்துகிறது. அந்நூல் 1872இல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்ட கோமெஸ், புர்கோஸ், சமோரா என்னும் மூன்று குருமார்க்குக் காணிக்கையாக்கப்பட்டது. மறைவாகச் சதி திட்டும் சிமோன் அதில் தோற்கிறான். அவன் செயலை எடைபோட்டு இறுதித் தீர்ப்புக் கூறுபவர் மண்ணின் மைந்தராகிய பாதிரியார் ஃபுளோரெந்தினோ. துறவியரின் ஆதிக்கத்தைச் சாடும் ஆசிரியர், அறத்தின் குரலை ஒரு குருவின் வாயில் வைக்கிறார். மேசன் என்ற அடையாளத்தை மட்டும் கொண்டு இதனை விளக்க இயலாது.

ரெய்னால்தோ இலெதோ 1979இல் வெளியிட்ட ‘பாசியோனும் புரட்சியும்’ என்னும் நூல் மற்றொரு வழியைக் காட்டியது. தவக்காலத்தில் பாடப்பெறும் கிறித்துவின் பாடுகள் பற்றிய தகாலோக் காப்பியத்தின் வழியாகவே எளிய மக்கள் புரட்சியை உணர்ந்தனர் என்பது அவர் கருத்து. நிறுவியவர் எங்கிருந்து சடங்கைப் பெற்றார் என்பதினும், சேர்ந்தவர் அதனை எவ்வாறு பொருள் கொண்டார் என்பது முதன்மை என அந்நூல் உணர்த்தியது. எனினும் அது பொதுமக்கள் இயக்கத்திற்குப் பொருந்தும் அளவுக்கு, ஸ்பானிய மொழியில் எழுதப்பட்ட ரிசாலின் புதினங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. அவற்றுக்குப் பனுவல்சார் வாசிப்பே தேவை.

வகுப்பறையும் விவாதமும்

1956இல் இயற்றப்பட்ட ரிசால் சட்டம் இப்புதினங்களைக் கல்லூரிகளில் பாடமாக்கியது. திருச்சபை கடுமையாக எதிர்த்தது. சமய நம்பிக்கையை எழுத்துவழி உறுதிமொழியாக அளிக்கும் மாணவர், சுருக்கப்படாத மூலத்தைப் படிப்பதிலிருந்து விலக்குப் பெற வழி செய்யப்பட்டது. ஆசிரியரின் சங்கத் தொடர்பு பற்றிய விவாதம், மாணவர் எந்தப் பக்கங்களைப் படிக்கலாம் என்னும் அளவுக்கு வளர்ந்ததை இது காட்டுகிறது.

முடிவுரை

தேசியத் தலைவர் ஒருவரின் சகோதர சங்கத் தொடர்பை ஆராய்வோர் இரு வினாக்களைப் பிரித்துக் கேட்டல் வேண்டும். அத்தொடர்பு அவருக்கு எத்தகைய கூட்டாளிகளையும் அமைப்பு வடிவத்தையும் தந்தது என்பது முதல் வினா. இதற்கு லாட்ஜ் பதிவுகள் விடை தரும். அவர் எழுதியதன் பொருள் யாது என்பது இரண்டாம் வினா. இதற்குப் பனுவலே விடை தர வேண்டும். ரிசால் பற்றிய திறனாய்வின் பெரும்பகுதி முதல் வினாவின் விடையை இரண்டாவதற்கும் வழங்கியுள்ளது. மறுப்பு ஆவணம் மெய்யோ பொய்யோ, ஃபுளோரெந்தினோ கூறும் தீர்ப்பும் இபாரா நாட்டிய அடிக்கல்லும் அவ்விரு நூல்களில் அவ்வாறே உள்ளன. திறனாய்வு அங்கிருந்து தொடங்குதல் தகும்.