கேரவன் கழிவுத் தொட்டிக்கு மெசரேட்டர் பம்ப்: வாங்கலாமா?

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஈவிபி ஃபிலிம் சிட்டி வரும். பிக் பாஸ் வீடும் பல பெரிய படங்களின் செட்டுகளும் போடப்பட்ட இடம். படப்பிடிப்பு நாட்களில் இந்த வட்டாரத்தில் கேரவன் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். நடிகர்கள் உடை மாற்றுவதும் ஓய்வெடுப்பதும் அதற்குள்தான். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கழிப்பறை உண்டு, அடியில் ஒரு கழிவுத் தொட்டி உண்டு. அந்தத் தொட்டியைக் காலி செய்ய வந்திருக்கும் மெசரேட்டர் பம்பை, கேரவன் ஓட்டுநர்கள், கிளீனர்களுடன் சேர்ந்து ஒரு படப்பிடிப்பு சீசன் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

இப்போது எப்படி நடக்கிறது?

பெரும்பாலான கேரவன்களில் தொட்டிக்கு அடியில் மூன்று அங்குல வால்வு இருக்கும். திறந்தால் கழிவு தானாக இறங்கும். அதற்குத் தொட்டியைவிடத் தாழ்வான ஒரு குழியோ மேன்ஹோலோ வேண்டும். அது இருக்கும் இடத்துக்கு வண்டியே போக வேண்டும். படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுக்கும் பங்களாவிலோ காலி மனையிலோ அப்படி ஒரு வசதி அநேகமாக இருக்காது.

இன்னொரு வழி, கழிவுநீர் லாரியைக் கூப்பிடுவது. அந்த லாரி பல ஆயிரம் லிட்டர் கொள்ளும். கேரவன் தொட்டியில் இருப்பதோ நூறு, இருநூறு லிட்டர். லாரிக்காரர் லோடு கணக்கில்தான் பணம் வாங்குவார். புரொடக்‌ஷன் மேனேஜர் அந்தச் செலவுக்குத் தயங்குவார், தொட்டி நிரம்பி வழியும் வரை தள்ளிப்போடுவார். கடைசியில் ராத்திரி வேளையில் ஏதோ ஒரு கால்வாய் ஓரத்தில் வால்வு திறக்கப்படும். இந்தப் பக்கம் அந்தக் கால்வாய் எங்கே போகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. செம்பரம்பாக்கம் ஏரி சென்னையின் குடிநீர் ஏரி. கூவம் ஆறு திருவேற்காடு வழியாகத்தான் நகரத்துக்குள் நுழைகிறது.

பம்ப் என்ன செய்கிறது?

இதன் வேலை இரண்டு. முதலில், உள்ளே வரும் கழிவையும் டிஷ்யூ பேப்பரையும் மிக்ஸி பிளேடு மாதிரி சுழலும் ஸ்டீல் கத்திகள் கூழாக்குகின்றன. நல்ல பம்பில் துகள் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். அடுத்து, ரப்பர் இம்பெல்லர் அந்தக் கூழை ஒரு அங்குலக் குழாய் வழியாகத் தள்ளுகிறது. மூன்று அங்குலக் குழாய் தேவைப்பட்ட இடத்தில் ஒரு அங்குல ஹோஸ் போதும். கழிவு மேட்டிலும் ஏறும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, இருபது மீட்டர் தள்ளியுள்ள கழிப்பறைக்கோ செப்டிக் டேங்குக்கோ ஹோஸை இழுத்துக்கொண்டு போகலாம்.

படகுகளுக்கும் வெளிநாட்டு மோட்டார் ஹோம்களுக்கும் செய்யப்பட்ட சாதனம் இது. ஜாப்ஸ்கோ, ஃப்ளோஜெட், ஷுர்ஃப்ளோ ஆகியவை பழைய பெயர்கள். சீனத் தயாரிப்பான சீஃப்ளோவும் இருக்கிறது. இங்கே நான் எழுதுவது எந்த ஒரு பிராண்டைப் பற்றியும் அல்ல. இந்த ரப்பர் இம்பெல்லர் வகையைப் பற்றித்தான்.

பொருத்தும்போது

முதல் கேள்வி வோல்டேஜ். டெம்போ டிராவலரில் கட்டிய சிறிய கேரவனில் பேட்டரி 12 வோல்ட். பெரிய பஸ் சேஸியில் கட்டியதில் பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் பம்பை 24-இல் கொடுத்தால் மோட்டார் கருகிவிடும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் குறுக்கு வழியும் வேண்டாம். ஒரு பேட்டரி அதிகமாக வடிந்து இரண்டும் சீக்கிரம் கெடும். 24 வோல்ட் மாடலையே வாங்குங்கள், அல்லது தகுந்த கன்வெர்ட்டர் போடுங்கள்.

இரண்டாவது, வயர். இந்த அளவு பம்ப் சுமார் 16 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து ஐந்து மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். பம்ப் திணறும், கத்தி மெதுவாகச் சுற்றும், அடைப்பு வரும். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டு, பம்பின் கையேட்டில் சொன்ன ஃப்யூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

மூன்றாவது, இணைப்பு. வெளிநாட்டு பம்பின் வாய் நம் ஊர் பிவிசி குழாய் அளவோடு நேராகப் பொருந்தாது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது கவலையே இல்லை. லேத் பட்டறையில் அளவு கொடுத்தால் அடாப்டர் கடைந்து தருவார்கள். ஹோஸின் இரண்டு முனையிலும் கேம்லாக் கப்ளிங் போட்டுக்கொள்வது நல்லது. கிளாம்பை மட்டும் நம்பிய ஹோஸ் அழுத்தத்தில் கழன்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. செடிக்குத் தண்ணீர் விடும் அரை அங்குல டியூப் உதவாது. உள்ளே நூல் பின்னிய ஒரு அங்குல ஹோஸ் வேண்டும்.

ஓட்டும்போது

வரிசை முக்கியம். ஹோஸின் மறுமுனையை முதலில் கட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் தொட்டி வால்வு, கடைசியில் சுவிட்ச். கழிப்பறைத் தொட்டியை முதலில் காலி செய்துவிட்டு, வாஷ்பேசின் தண்ணீர் சேரும் தொட்டியைப் பிறகு திறந்தால் அந்தத் தண்ணீரே பம்பையும் ஹோஸையும் கழுவிவிடும்.

பெட்டியில் நிமிடத்துக்கு 45 லிட்டர் என்று போட்டிருக்கும். ஹோஸ் நீளமும் ஏற்றமும் சேர்ந்தால் அந்த வேகம் கிடைக்காது. 150 லிட்டர் தொட்டிக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஐந்து நிமிடத்தில் பேட்டரியிலிருந்து போவது ஒன்றரை ஆம்பியர் ஹவருக்கும் குறைவு. நூறு ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஜெனரேட்டர் போடத் தேவையில்லை, ஷாட் நடக்கும்போது சத்தத்துக்குப் பயந்து காத்திருக்கவும் வேண்டாம். பம்பின் சத்தம் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கும்.

தொட்டி காலியானதும் சத்தம் மாறும், சட்டென்று மேலேறும். அந்த நொடியே நிறுத்த வேண்டும். ரப்பர் இம்பெல்லருக்கு ஈரம்தான் உயிர். காய்ந்து ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே வெந்துவிடும். சில மாடல்களில் தானாக நிற்கும் பாதுகாப்பு உண்டு. கேரவனில் ஆள் மாறி ஆள் கையாள்வதால், கூடுதல் பணம் கொடுத்தாவது அந்த மாடலை எடுங்கள்.

எங்கே சிக்குகிறது?

கேரவனின் எதிரி மேக்கப் அறை. வெட் வைப்ஸ், மேக்கப் துடைத்த பஞ்சு, விக்கிலிருந்து உதிர்ந்த முடி, சானிட்டரி நாப்கின், சேஃப்டி பின் என எல்லாம் கழிப்பறைக்குள் போகின்றன. வைப்ஸ் பாக்கெட்டில் ஃப்ளஷ் செய்யலாம் என்று எழுதியிருந்தாலும் கத்தி அதை அறுக்காது, சுற்றிக்கொள்ளும். முடி தண்டில் கயிறாக முறுக்கிக்கொள்ளும். கழிப்பறைக்குள் மூடியோடு ஒரு குப்பைக்கூடையும், தமிழிலும் இந்தியிலும் ஒரு அறிவிப்பும் வைத்த வண்டிகளில் அடைப்பு வெகுவாகக் குறைந்ததைப் பார்த்தேன்.

வேலை இல்லாமல் வண்டி வாரக்கணக்கில் நின்றால் இம்பெல்லர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். போர்வெல் தண்ணீரின் உப்பும் படியும். நல்ல தண்ணீர் ஊற்றி அவ்வப்போது சில நொடிகள் ஓட விடுங்கள். பல மாடல்களில் மோட்டாரின் பின்பக்கம் ஸ்குரூடிரைவர் வைத்துத் தண்டைச் சுற்ற ஒரு பள்ளம் இருக்கும். ஃப்யூஸைக் கழற்றிவிட்டு அதைச் சுற்றினால் பாதி நேரம் விடுபட்டுவிடும். இம்பெல்லரும் சீலும் சேர்ந்த சர்வீஸ் கிட் கைவசம் இல்லாமல் இந்தப் பம்பை வாங்காதீர்கள்.

அடைப்பை எடுக்கும் வேலை யார் தலையில் விழுகிறது என்பது எனக்கு மிக முக்கியம். நம் ஊரில் அது கிளீனர் தம்பியின் தலையில்தான் விழும். நீளமான கையுறை, முகக்கவசம், கண்ணாடி, ஒரு வாளி சோப்புத் தண்ணீர் ஆகியவை பம்போடு சேர்ந்த விலை என்று முதலாளி கணக்குப் போட வேண்டும். வெறுங்கையால் எடு என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ள வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறங்கி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்பான கருவி சந்தையில் இருக்கும்போது பழைய வழியிலேயே செய்யச் சொல்வதற்கு இனி நியாயம் கிடையாது.

எங்கே ஊற்றுவது?

பம்ப் கழிவை நகர்த்தும், சுத்திகரிக்காது. கூழாகிவிட்டது என்பதற்காக மழைநீர் வடிகாலில் விடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அரைத்த கழிவு தண்ணீரில் இன்னும் வேகமாகப் பரவும், அவ்வளவுதான். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. உள்ளாட்சி எதுவானாலும், பாதாளச் சாக்கடை இந்த வட்டாரத்தின் எல்லாத் தெருக்களுக்கும் இன்னும் வரவில்லை. அதனால் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான் கதி.

செப்டிக் டேங்கில் விடும்போது மெதுவாக, பகுதி பகுதியாக விடுங்கள். ஒரேயடியாக அழுத்தி விட்டால் அடியில் படிந்த சேறு கலங்கி உறிஞ்சுகுழிக்குள் போய் அதை அடைத்துவிடும். ஃபார்மால்டிஹைடு கலந்த வாசனைத் திரவத்தைக் கேரவன் தொட்டியில் ஊற்றாதீர்கள். செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவை அது கொன்றுவிடும். என்சைம் வகைத் திரவம் போதும்.

நம் ரயில் பெட்டிகளில் டிஆர்டிஓ உருவாக்கிய பயோ டாய்லெட் வந்த பிறகு தண்டவாளத்தில் கழிவு விழுவது நின்றது. அந்த முறையைக் கேரவனில் வைக்க இடமும் எடையும் இடிக்கும். ஆகவே சேர்த்து வைத்து, சரியான இடத்தில் இறைப்பதே இப்போதைக்கு நடைமுறை.

தீர்ப்பு

நிறை: வண்டியை நகர்த்த வேண்டாம், மேட்டுக்கும் இறைக்கும், மின்சாரம் குறைவு, கை படாமல் வேலை முடியும். குறை: காய்ந்து ஓடினால் கெடும், வைப்ஸும் முடியும் ஆகாது, உதிரி பாகத்துக்கு இறக்குமதியை நம்ப வேண்டும்.

தொடர்ந்து படப்பிடிப்புக்குப் போகும் கேரவன் உரிமையாளரும், குடும்பச் சுற்றுலாவுக்கு மோட்டார் ஹோம் வாடகைக்கு விடுபவரும் தயங்காமல் வாங்கலாம். ஆண்டுக்கு ஓரிரு முறை வெளியே போகும் சொந்த வண்டிக்கு இது தேவையில்லை. கையில் தூக்கிப்போய்க் கழிப்பறையில் கொட்டும் கேசட் டாய்லெட்டே போதும்.

ஸ்டுடியோ நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கேரவன் நிறுத்தும் இடத்தில் செப்டிக் டேங்குக்குப் போகும் ஒரு அங்குல கேம்லாக் இணைப்பு ஒன்றை வையுங்கள். ஒரு மூடி, ஒரு குழாய், ஒரு நாள் கொத்தனார் வேலை, அவ்வளவுதான். அந்த செப்டிக் டேங்க் நிரம்பினால் உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை மட்டும் கூப்பிடுங்கள். உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 14420.