ஞாயிற்றுக்கிழமை இசையமைப்பாளர்

செலோ என்றால் கீழ்ஸ்தாயியின் கனத்த குரல்தான் நினைவுக்கு வரும். அலெக்சாண்டர் போரோதின் தம் இரண்டாவது ஸ்ட்ரிங் குவார்டெட்டின் மூன்றாம் பகுதியில் அந்தச் செலோவை மேல்ஸ்தாயிக்கு ஏற்றி, ஒரு நீண்ட மெட்டைப் பாட விடுகிறார். இரண்டாம் வயலினும் வியோலாவும் தாளத்துக்குச் சற்றுத் தள்ளித் தள்ளித் துடித்தபடி பின்னால் நிற்கின்றன. பாடி முடித்ததும் அதே மெட்டை முதல் வயலின் இன்னும் உயரத்தில் எடுக்கிறது. எதிலும் அவசரமில்லை. 'நாக்டர்ன்' எனப்படும் இந்தப் பகுதியை எழுதியவருக்கு நின்று மூச்சுவிட நேரமிருந்ததில்லை என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

போரோதின் (1833–1887) தொழிலால் வேதியியலாளர். பீட்டர்ஸ்பர்க் மருத்துவ-அறுவை அகாதெமியில் 1864 முதல் பேராசிரியர். இன்று கல்லூரியில் ஆல்டால் வினை என்று படிக்கிறோமே, அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர். 1872இல் தொடங்கிய பெண்களுக்கான மருத்துவப் படிப்புக்கும் பாடுபட்டார். பாட்டு எழுதுவதைக் குறைத்துக்கொள் என்று ஆசிரியர் ஸீனின் மாணவப் பருவத்திலேயே கண்டித்திருக்கிறார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று அவருக்குப் பட்டிருக்கும். போரோதின் தம்மை 'ஞாயிற்றுக்கிழமை இசையமைப்பாளர்' என்று சொல்லிக்கொண்டார். பல வாரங்களில் அந்த ஞாயிறும் கிடைக்கவில்லை.

வீடும் ஆய்வுக்கூடமும் ஒரே கட்டடத்தில். நண்பர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் தம் நினைவுக் குறிப்புகளில் அந்த வீட்டைப் படம் பிடித்திருக்கிறார். இசையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பாராம் போரோதின்; அடுப்பில் வைத்தது தீய்ந்ததா, பொங்கியதா என்று பார்க்கத் திடீரென ஆய்வுக்கூடத்துக்கு ஓடுவாராம், ஓடும்போதே நடைவழி முழுக்கப் பாடிக்கொண்டு. சாப்பாட்டு மேஜையில் பூனைகள் உலாவும். உறவினர் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள், ஆகவே பியானோவைத் தொட முடியாது. உடம்பு சரியில்லாமல் வீட்டில் கிடந்தால்தான் எழுத நேரம் கிடைத்தது என்பதால், அவருக்குக் காய்ச்சல் வர வேண்டுமென்று இசை நண்பர்கள் ஆசைப்பட்டார்களாம்!

1879இல் ஒரு கச்சேரிக்கு அவருடைய 'இளவரசர் இகோர்' ஓபராவிலிருந்து 'பொலோவ்ட்சிய நடனங்கள்' தேவைப்பட்டன. நாள் நெருங்கியும் வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதும் வேலை முடியவில்லை. ரிம்ஸ்கியும் இசையமைப்பாளர் லியாதவும் வந்து ராத்திரி வெகுநேரம் கூடவே உட்கார்ந்து எழுதினார்கள். மை காயக் காத்திருக்க நேரமில்லை, எல்லாம் பென்சில். எழுத்து அழியாமலிருக்கத் தாள்களுக்கு ஜெலட்டின் கரைசலைப் பூசி, துவைத்த துணியைக் காயப்போடுவதுபோலக் கொடியில் தொங்கவிட்டார் போரோதின். வேதியியல் அவருடைய இசைக்கு நேரடியாகச் செய்த உதவி இது ஒன்றாகத்தான் இருக்கும்.

உத்தியோகம் மட்டும் இல்லாதிருந்தால் இன்னும் எவ்வளவு எழுதியிருப்பார் என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். 1869இல் தொடங்கிய 'இளவரசர் இகோர்' ஓபராவைப் பொறுத்தவரை இழப்பு இழப்புதான். 18 ஆண்டு இழுத்தும் முடியாமல், 1887இல் ஒரு மாறுவேட விருந்தில் மனிதர் சரிந்து விழுந்து இறந்தார். மிச்சத்தை ரிம்ஸ்கியும் கிளாசுனவும் நிரப்பி, 1890இல்தான் மேடையேறியது. அதில் எங்கே போரோதின் முடிகிறார், எங்கே நண்பர்கள் தொடங்குகிறார்கள் என்று ஆய்வாளர்கள் இன்னும் கிளறிக்கொண்டிருக்கிறார்கள்.

குவார்டெட் விஷயம் வேறு. 1881 கோடை விடுமுறையில் எழுதி, மனைவி எகத்தெரினாவுக்குக் காணிக்கையாக்கினார். இருவரும் ஹைடல்பெர்க்கில் சந்தித்து அப்போது 20 ஆண்டு. சம்பளம் வேறிடத்திலிருந்து வந்ததால் யாரையும் அசத்த வேண்டிய கட்டாயம் அவருக்கில்லை. செலோ அவரே வாசித்த வாத்தியம், அதற்கு நல்ல இடங்களை வாரிக் கொடுத்திருக்கிறார். நாக்டர்னில் மெட்டு திரும்பி வரும் இடத்தைக் கவனியுங்கள். செலோ முன்னே போக, கொஞ்சம் பிந்தி முதல் வயலின் அதே மெட்டைப் பாடிக்கொண்டு தொடர்கிறது. பிறகு அதே தொடரல் இரு வயலின்களுக்கிடையே. இலக்கணப்படி இது கேனன் என்னும் கடினமான உத்தி. கேட்கும்போது உத்தி உறைப்பதில்லை. ஒருவர் சொல்லி முடிக்குமுன் மற்றவர் அதையே சொல்லத் தொடங்கும் நெருக்கம்தான் கேட்கிறது.

1953இல் பிராட்வே இந்த மெட்டை 'கிஸ்மெட்' நாடகத்தில் பாட்டாக்கியது. மறு வருடம் போரோதினுக்கு டோனி விருதும் வந்தது. நாக்டர்னைத் தனியே கத்தரித்துக் கேட்கும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. அது அநியாயம். கடைசிப் பகுதியின் தொடக்கத்தில் வயலின்கள் ஏதோ கேட்கின்றன, வியோலாவும் செலோவும் கீழேயிருந்து வேறு தொனியில் மறுமொழி சொல்கின்றன, பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நாலு வாத்தியமும் ஓடத் தொடங்குகின்றன. நாக்டர்ன் முடிந்த கையோடு கேட்டால்தான் அந்த ஓட்டத்தின் ருசி தெரியும்.